உப்பு பூத்த கணக்கு

கிர்சு நகரத்துக் களஞ்சியத்தில்
வாற்கோதுமை எழுதுகிறவன் நான்.
உர்-எமுஷ் என்று பெயர்.
பெயரை யாரும் கேட்பதில்லை,
எத்தனை கூர் என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு முன் இந்த முக்காலியில் இருந்தவன்
கோதுமைக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தான்.
அவன் ஏடுகளை அடுக்கும்போது பார்த்தேன்:
மூன்றில் ஒரு பங்கு கோதுமை,
பிறகு ஆறில் ஒன்று,
பிறகு அந்த வரியையே காணோம்.
கோதுமைக்கு உப்பு ஆகாது.
வாற்கோதுமை பொறுத்துக்கொள்ளும்,
எங்களைப் போல,
ஓர் அளவுக்கு.

இதிக்லத் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டியது
மேல்கரை ஊரோடு இருந்த வழக்கை முடிக்க.
முடித்தோம். ஏழு எருது வெட்டினோம்.
தண்ணீர் வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
வறண்ட தேசத்தில் தண்ணீரைப் பார்த்துப்
போதும் என்பவன் பைத்தியக்காரன்.

நின்-ஹெது ஒருத்திதான் சொன்னாள்.
கடைமடையில் நிலம், புருஷன் படைக்குப் போய்த் திரும்பாதவன்.
எட்டு முழம் தோண்டினால் ஊறிய கிணறு
இப்போது இரண்டு முழத்தில் ஊறுகிறது என்றாள்.
கீழே இருப்பது மேலே வருகிறது, ஐயா.
ஒரு போகம் விதைத்தால் ஒரு போகம் விட்டுவிடுங்கள்.
முள் முளைக்கட்டும்.
அதன் வேர் ஆழத்து ஈரத்தைக் குடிக்கட்டும்.

மேற்பார்வையாளர் லுகல்-எஸெம்
கெட்டவர் இல்லை. கடைசிவரை கேட்டார்.
படைக்கு அளக்க வேண்டும்,
நெசவுக்கூடத்துப் பெண்களுக்குப் படி அளக்க வேண்டும்,
முள்ளுக்கு யாரம்மா வரி கட்டுவார்கள் என்றார்.
நியாயமான கேள்வி.
அன்று அந்தக் கூடத்தில்
எவரிடமும் பதில் இல்லை, என்னிடமும்.

அந்த ஆண்டிலிருந்து
தரிசு என்ற குறியை என் கை மறந்தது.

அறுப்புக்கு அளக்கப் போனபோது
கடைமடை வெளுத்துக் கிடந்தது,
கழுவிய ஆட்டுமயிரை உலர்த்தியதுபோல்.
உப்பு பூத்திருக்கிறது என்றான் கூட வந்த கயிறு பிடிப்பவன்.
பூத்திருக்கிறதாம்.
எந்த வாய்தான் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னதோ.

நின்-ஹெது ஒரு விரலை மண்ணில் தொட்டு
நாக்கில் வைத்தாள்.
"உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
எனக்கு ஆறு உப்பிட்டிருக்கிறது.
நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்,
தூங்கவிடாமல்."

பதினொரு கூர் கிடைத்தது.
முப்பது என்று எழுது என்றார் லுகல்-எஸெம்,
முப்பதுதான் நிலத்துக்கு விதித்தது,
குறைவது அவள் பாக்கி.
எழுதினேன்.
பத்துக்கு ஒரு குழி, மூன்று குழி.
நாணல் முனைக்குப் பொய்யும் மெய்யும்
ஒரே அழுத்தம்.

பத்து நாள் கழித்து
அவள் வீட்டுக்குப் போனோம், வசூலுக்கு.
கதவே இல்லை.
மரம் இங்கே விலை அதிகம்;
கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.
வாசலின் ஓட்டை வழியே
பின்பக்கத்து வயல்
பளபளவென்று தெரிந்தது.

வெள்ளம் வரும் என்று பயந்தோம்.
மலையிலிருந்து எதிரி வருவான் என்று மதில் கட்டினோம்.
எதிரி வரவும் கூடும், நான் இல்லை என்று சொல்லவில்லை.
வந்தால்,
பாதி காலியான ஊரின் கதவுகளைத்தான் உடைப்பான்.
மீதிக்குக் கதவு இராது.

இன்று காலை அலமாரியில் அந்த ஏட்டை எடுத்தேன்.
நாங்கள் எழுதும் களிமண்ணும்
அதே வாய்க்கால் கரையில் அள்ளுவதுதான்.
காய்ந்திருந்தது.
மூன்று குழியிலும் வெள்ளை.
கட்டைவிரலால் துடைத்தேன்.
மத்தியானம் மறுபடி பார்த்தேன், மறுபடி துடைத்தேன்.

வெளியே வரிசை நிற்கிறது.
முன்னால் ஒருவன், கையில் ஒரு சிறிய சாக்கு,
எதையோ சொல்ல வாய் திறக்கிறான்.

எத்தனை கூர் என்கிறேன்.